உள்ளே துணி விட்டுத் தைப்பது: வீட்டிலேயே நெடுநாள் உழைக்கும் உடைகளைத் தைக்க ஒரு வழிகாட்டி

அம்மாவின் பழைய கைத்தறி ரவிக்கை ஒன்றைச் சென்ற ஆண்டு பிரித்தேன். பக்கத் தையலில் கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசை ஓடியிருந்தது. மூன்றையும் பிரித்து விரித்தபோது, உள்ளே மடங்கிக் கிடந்த துணி வாங்கிய அன்றைய அரக்கு நிறத்திலேயே இருந்தது. வெளியே வெயிலும் சோப்பும் தின்ற பகுதியோ வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த மூன்று வரிசையும் அழகுக்காகப் போட்டவை அல்ல. இரு பக்கமும் ஒரு வரிசையைப் பிரித்தால் சுற்றளவில் ஓர் அங்குலம் தளரும். உடம்பு மாறும், உடை அதோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதை அந்தக் காலத்துத் தையல்காரர் தைக்கும்போதே யோசித்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. நகரத்தில் ஒரு கடையில் தைக்கக் கொடுத்து வாங்கிய நான்கு சுடிதார் மேலாடைகள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எனக்கு ஏறவில்லை. பிரித்துவிடலாம் என்று திருப்பிப் பார்த்தால், தையலை ஒட்டிக் கால் அங்குலம்கூட மிச்சம் வைக்காமல் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தார்கள். துணி புதிதாகவே இருந்தது, ஆனால் உடைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. வீட்டில் தைக்கத் தொடங்கியதற்கு அந்த நான்கு உடைகளே காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரே எண்ணத்திலிருந்து கிளைப்பது: பிரிக்க முடிகிற மாதிரி தைத்த உடைதான் நெடுநாள் உழைக்கும்.

துணி வாங்குவதற்கு முன்

சேலத்தில் இருப்பவர்களுக்குத் துணி கிடைப்பதில் குறையே இல்லை. அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை என்று தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஊர் இது. அதே ஊரில்தான் சாயக் கழிவைச் சுமந்து ஓடும் திருமணிமுத்தாற்றையும் நாம் தினமும் கடக்கிறோம். நாம் தேவையின்றி வாங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் எங்கோ ஒரு நீர்நிலை விலை கொடுக்கிறது என்பதால், முதல் துணியைக் கடையில் தேடாமல் பீரோவில் தேடுங்கள்.

இரண்டு வாரம் எந்த உடையை எத்தனை முறை உடுத்தினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எப்போதும் கைபோகும் உடை எது, அதன் நீளம் என்ன, கழுத்து எவ்வளவு இறக்கம், கை எதுவரை என்று அளந்து எழுதுங்கள். நீங்கள் தைக்க வேண்டிய உடை அதுதான். உடுத்தாமல் கிடப்பவற்றில் பிரித்துத் தைக்கத் தகுந்தவை, துணியாக வெட்டத் தகுந்தவை என்று இரண்டாகப் பிரியுங்கள்.

பழஞ்சேலை ஐந்தரை மீட்டர் நீளம். எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 3.6 மீட்டர். ஆனால் எல்லா இடமும் ஒரே வலுவில் இருக்காது. சன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால், இழை நைந்து மெலிந்த இடம் கண்ணாடிபோல் தெரியும். சேலையில் கொசுவத்தின் கீழோரமும் தோளில் படும் இடமும் முதலில் நையும். இடுப்பில் செருகும் உள்முனை நிறமும் வலுவும் கெடாமல் இருக்கும். மெலிந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் கொண்டு, அவை அக்குளிலோ உட்காரும் இடத்திலோ வராதபடி வெட்ட வேண்டும்.

புதுத்துணி வாங்கும்போது

அப்படியும் துணி தேவைப்பட்டால், கைத்தறிப் பருத்தியை வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸிலும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும். இளம்பிள்ளைப் பக்கம் போனால் கண்ணைப் பறிக்கும் சேலைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றில் விசைத்தறியில் செயற்கை இழையால் நெய்தவையும் ஏராளம் என்பதால், சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவிப் பத்திரமாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்சாம்பலாகும்; பட்டு முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும்; பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகச் சுருளும். சேலத்து வெயிலில் உடம்போடு ஒட்டாமல் வியர்வையை வாங்கிக்கொள்வது பருத்திதான்.

நூலின் எண்ணையும் கேளுங்கள். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே நூலின் எண். ஆகவே எண் கூடக்கூட இழை மெல்லியதாகும். குர்த்தாவுக்கும் சட்டைக்கும் 40 முதல் 60 வரையிலான எண் நூலில் நெய்த துணி நன்றாக உழைக்கும். 80-க்கு மேல் போனால் மெத்தென்று இருக்கும், ஆனால் இழுப்பு விழும் இடங்களில் சீக்கிரம் நையும்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊற வைத்து, கஞ்சி போகப் பிசைந்து அலசி, முறுக்காமல் நிழலில் காய வையுங்கள். பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுருங்குவது சாதாரணம். நெருக்கமில்லாமல் நெய்த கைத்தறி அதற்கு மேலும் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் எந்தத் தையலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சாயம் போகிறதா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் போதும். உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். நெய்து வந்த துணியில் உப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. அலசும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை தனியாக அலசுவதுதான் வழி.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. பழைய மிதி மெஷின் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. மின்வெட்டிலும் ஓடும், வேகம் முழுவதும் நம் காலின் கட்டுப்பாட்டில் இருக்கும். மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்ததற்கு 16. ஊசி மழுங்கினால் தையல் தாவும், இழை இழுக்கும். அப்போது தையல் இறுக்கத்தைக் குறை சொல்லித் திருகாமல் முதலில் ஊசியை மாற்றுங்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டாதீர்கள்.

நூல் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பாலியஸ்டர் நூல். அது பருத்தித் துணியைவிட வலுவானது என்பதால், இழுப்பு வரும்போது நூல் அறாமல் துணியை அறுத்துவிடும். தையல் விட்டுப்போனால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் ஓட்டிவிடலாம். துணி கிழிந்தால் ஒட்டுதான் போட வேண்டும். எனவே பருத்தித் துணிக்குப் பருத்தி நூலையே கேட்டு வாங்குங்கள்.

எதை முதலில் தைப்பது

பலரும் ரவிக்கையில் தொடங்கி மனம் உடைந்து போகிறார்கள். ரவிக்கைதான் எல்லாவற்றிலும் கடினமானது. டாட் (உடல் வளைவுக்கேற்பப் பிடிக்கும் கூர்மடிப்பு) பிடிப்பதும் கைக்குழி வளைவும் கை பழகிய பிறகே வரும். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் உள்பாவாடை, அடுத்து நாடா வைத்த பைஜாமா, மூன்றாவது நேர்வெட்டுக் குர்த்தா என்று போனால், ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கையைப் பழக்கும்.

உள்பாவாடையில் நேர்த்தையல் மட்டும்தான். எலாஸ்டிக் வைக்காதீர்கள், வெப்பத்திலும் சோப்பிலும் அது சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், நாடாவை மாற்ற ஒரு ஊக்கு போதும். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: கொலுசுக்குப் பெயர் போன சேலத்தில் பாவாடையின் கீழோரம் கிழிவதற்கு முதற்காரணம் கொலுசின் கொக்கிதான். அது மடிப்புத் தையலின் ஒரு கண்ணியில் மாட்டி இழுத்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிடும். மடிப்பின் உட்புறத்தில் அரை அங்குலப் பருத்தி நாடாவை வைத்து, அதன் இரு விளிம்பிலும் அங்குலத்துக்கு 12 தையல் வீதம் நெருக்கமாக அடித்துவிட்டால், கொக்கி மாட்ட இடமிருக்காது. நைந்தாலும் நாடாதான் நையும். அதைப் பிரித்துப் புதியது வைக்கலாம்.

துணி வீணாகாத நேர்வெட்டுக் குர்த்தா

இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த ஒரு வெட்டைக் கற்றுக்கொண்டால் பீரோவில் பாதியை நீங்களே தைத்துவிட முடியும். வளைவான வெட்டுகளுக்கு நடுவே விழும் துண்டுகள் குப்பைக்குப் போகின்றன. எல்லாமே செவ்வகமாக வெட்டினால் குப்பைக்குப் போக எதுவும் மிஞ்சாது. இதற்கு அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைக்க வேண்டும். கை தூக்க இடம் கொடுப்பதும், கிழியாமல் காப்பதும் அந்தத் துண்டுதான்.

மார்பளவு 36 அங்குலம் உள்ள பெண்ணுக்கு 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலத்தில்) 1.75 மீட்டர் துணி எடுத்து நனைத்துக் காய வைத்துக்கொள்ளுங்கள். பாவு நூல், அதாவது துணியின் நீளத்தில் ஓடும் இழை, உடையின் நீளவாக்கில் வர வேண்டும். பாவு இழுத்தால் நீளாது, குறுக்கே ஓடும் ஊடை கொஞ்சம் கொடுக்கும், ஆகவே உடை தன் எடையில் தொங்கித் தொய்யாமலிருக்கப் பாவுதான் மேலிருந்து கீழே ஓட வேண்டும். முதலில் 42 அங்குல நீளத்தை வெட்டி, பன்னாவின் நடுவில் இரண்டாக்குங்கள். தலா 22 அங்குல அகலத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் கிடைத்துவிட்டன. நான்கு பக்க விளிம்புகளில் இரண்டு, தறியிலேயே கட்டிய கரையாக வந்திருக்கும். அவற்றுக்கு மடிப்போ ஓவர்லாக்கோ தேவையில்லை. அடுத்த 18 அங்குல நீளத்தில், தலா 16 அங்குல அகலமுள்ள இரண்டு கைகளை வெட்டுங்கள். பக்கத்தில் மிஞ்சும் 12 அங்குல அகலத் துண்டிலிருந்து 5 அங்குலச் சதுரங்கள் இரண்டு அக்குளுக்கு. மீதியிலிருந்து கழுத்துக்கு ஒன்றேகால் அங்குல அகலத்தில் கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய பட்டை). நீளத்தில் கடைசியாக மிஞ்சும் பட்டையில் ஒரு பாக்கெட்டை வெட்டி, மற்றதைச் சுருட்டி எடுத்து வையுங்கள்.

அகலக் கணக்கு இதுதான்: மார்பளவோடு தளர்வுக்கு 4 அங்குலம், நான்கு விளிம்பிலும் உள்ளே விட 4 அங்குலம் சேர்த்தால் 44. வேறு அளவுக்கு இந்தக் கூட்டுத்தொகையை இரண்டாக வகுத்தால் ஒரு பக்கத்தின் அகலம் வரும். மார்பளவு 36-க்கு மேல் என்றால் பன்னா போதாது. அக்குளுக்குக் கீழே இரு பக்கமும் நீளத் துண்டு சேர்க்க 2.75 மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள்.

தோளை அரை அங்குலத்தில் இணைத்த பிறகு, கைத்துண்டின் நடுப்புள்ளியைத் தோள் தையலோடு பொருத்தி, நேர்கோட்டில் அடியுங்கள். அடுத்து அக்குள் சதுரம். இதன் ஒரு விளிம்பைக் கையின் அடிவிளிம்போடும் அடுத்ததை உடல் விளிம்போடும் சேர்க்கும்போது, மூலைக்கு அரை அங்குலம் முன்னதாகவே ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துங்கள். மூலைவரை ஓட்டினால் துணி சுருங்கிப் பை போல் தூக்கி நிற்கும். நின்ற இடத்தில் கையாலேயே இரண்டு பின்தையல் போட்டு முடியிட்டால், இழுப்பு அதிகம் விழும் அந்தப் புள்ளி விட்டுப்போகாது. முதல் முறை இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் பதற்றம் வேண்டாம். இரண்டாவது அக்குளுக்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

பக்கத் தையலை அக்குள் சதுரத்தின் முனையில் அரை அங்குலத்தில் தொடங்கி, இரண்டு அங்குலம் இறங்குவதற்குள் 1 அங்குலத்துக்குச் சாய்த்துக் கொண்டுவந்து, இடுப்புவரை நேராக ஓட்டுங்கள். அதற்கு வெளியே, விளிம்பிலிருந்து முக்கால் அங்குலத்தில் ஒரு வரிசை, அரை அங்குலத்தில் மற்றொரு வரிசை. இரு பக்கமும் உள் வரிசையைப் பிரித்தால் சுற்றளவு 1 அங்குலம் கூடும், அடுத்ததையும் பிரித்தால் இன்னும் 1 அங்குலம். அக்குள் துண்டைத் தொடவே வேண்டாம். கரை இல்லாத விளிம்பை மட்டும் இழை பிரியாதபடி மெல்லிசாக மடித்து அடியுங்கள். கீழே 17 அங்குலம் தைக்காமல் விட்டு, ஸ்லிட்டின் விளிம்பை அரை அங்குலமாக இரு முறை மடித்துத் தைத்துவிடுங்கள். உட்கார்ந்து எழும்போது ஸ்லிட்டின் மேல்முனைதான் முதலில் கிழியும் இடம். அங்கே குறுக்காக ஐந்தாறு தையல் போடுவது அவசியம்.

கழுத்தைக் கடைசியில் வெட்டுங்கள், அதுவும் நினைத்த அளவைவிட அரை அங்குலம் குறைவாக. போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று, பிறகு மீதியை வெட்டலாம். வெட்டிய கழுத்தை மறுபடி சேர்க்க வழியில்லை.

மலைக்கும் ஒரே பீரோ

என் நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறார். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனால் சேர்வராயன் மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சேலத்தைவிட ஏறத்தாழ 8 டிகிரி குளிர்ந்திருக்கும் ஊர். மலைக்குப் போவதற்கென்று கம்பளிச் சட்டைகளை வாங்கி அடுக்குவதை நாங்கள் விட்டுவிட்டோம். கோடைக் குர்த்தாவின் மேலேயே போட்டுக்கொள்ள, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த கையில்லா ஜாக்கெட் ஒன்று போதுமானதாக இருக்கிறது.

மூன்று அடுக்குப் பழம்பருத்திச் சேலையை, நைந்தது நடுவிலும் நல்லது மேலும் கீழுமாக வரும்படி விரித்து, சுருக்கமில்லாமல் கச்சா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, அரை அங்குல இடைவெளியில் வரிவரியாகக் கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுப்பது, ஆகையால் நூலை இறுக்கி இழுக்கக்கூடாது. முழுத் துணியையும் தைத்து முடித்த பிறகே ஜாக்கெட்டின் அளவுக்கு வெட்ட வேண்டும். தையல் போடப்போட துணி எல்லாப் பக்கமும் உள்வாங்கும் என்பதால், முதலிலேயே வெட்டியிருந்தால் அளவு குறைந்துவிடும். இரண்டு மாதம், மாலையில் அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் வேண்டாம், அது கெட்டால் உடையே மூலைக்குப் போகும். கொட்டாங்குச்சிப் பொத்தான் நான்கு வையுங்கள்.

பராமரிப்பும் எடுத்து வைப்பதும்

கறை பிடித்துப் பழுப்பேறிய வேட்டித் துணியைத் தூக்கிப் போட வேண்டாம். 200 கிராம் துணிக்கு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்ப் பொடி 40 கிராமை வெந்நீரில் கரைத்து ஓர் இரவு ஊற வைத்துப் பிழிந்து, அடுத்து 25 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தால், மங்கிய மஞ்சள் நிறம் சீராக ஏறும். பழைய கறை பெரும்பாலும் அதில் அடங்கிவிடும்.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் மடித்து வைத்த துணியில் பூஞ்சை பிடிப்பதும், சேலத்தில் வெள்ளிப்பூச்சி அரிப்பதும் பெரும்பாலும் கஞ்சியால் வருபவை. அதிகநாள் எடுத்து வைக்கும் உடையைக் கஞ்சி போக அலசி, இடுப்பு மடிப்பும் பொத்தான் பட்டியும் உட்பட முழுதும் காய்ந்த பிறகே வையுங்கள். நிழலில் உலர்த்திய நொச்சி இலையை ஒரு துணிப்பொட்டலமாகக் கட்டிப் போட்டால் நல்லது. சுருட்டி வைத்த மிச்சத் துணியையும் அந்தந்த உடையோடு சேர்த்து அலசுங்கள். அப்போதுதான் ஐந்து ஆண்டு கழித்து ஒட்டுப் போடும்போது உடையின் நிறத்துக்கும் ஒட்டின் நிறத்துக்கும் அதிக வித்தியாசம் இராது.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது. உடையின் உட்புறம், பின்கழுத்துக்குக் கீழே, வேறு நிற நூலால் சின்னச் சின்னப் புள்ளித் தையல் போட்டு வையுங்கள்: உள்ளே விட்டிருக்கும் துணியில் சுற்றளவு எத்தனை அங்குலம் தளருமோ அத்தனை புள்ளி. மேலே சொன்ன குர்த்தாவுக்கு இரண்டு. ஒரு வரிசையைப் பிரித்துத் தளர்த்தும் அன்று ஒரு புள்ளியையும் பிரித்துவிடுங்கள். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்து உடுத்துபவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.